36 கிலோ லாப்ரடோரை லண்டனுக்குக் கொண்டுபோவது பற்றி

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயது லாப்ரடோர், எடை 36 கிலோ. குடும்பம் முழுவதும் லண்டனுக்குக் குடிபெயர்கிறது, கையில் ஐந்து மாதம் இருக்கிறது. நாய்க்கென்று ஓர் இருக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். தூக்க மாத்திரை கொடுத்தால் பயம் தெரியாமல் போய்ச் சேருமா என்றும் கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடம் விட்டுவிடுவதா?" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விமானத்தின் அடிப்பகுதியில் பதினொரு மணித்தியாலம் அடைத்துக் கொண்டுபோவது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமையாகிவிடுமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் பேராதனையில் படித்த மிருக வைத்தியர். கொழும்பில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்தே என் காலம் போயிருக்கிறது. வெளிநாடு போகும் நாய்களின் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, சான்றிதழ் வேலைகள் வழக்கமாக என் மேசைக்கு வருபவை. நான் சரக்கு முகவர் இல்லை. கட்டணம், இட ஒதுக்கீடு பற்றியெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். உடலையும் காகிதத்தையும் பற்றி என்னால் பேச முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரோக்கியமான ஆறு வயது லாப்ரடோரைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். நீங்கள் ஆகாயத்தில் கழியும் நேரத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். என் கவலை தரையில் கழியும் நேரத்தைப் பற்றியும், பயணத்துக்கு முந்தைய நான்கு மாதங்களைப் பற்றியும்தான்.

இருக்கை வாங்கும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். பயணிகள் அறைக்குள் செல்லப்பிராணிகளை அனுமதிக்கும் விமான நிறுவனங்கள்கூடப் பையோடு சேர்த்துச் சுமார் எட்டுக் கிலோ வரையில்தான் அனுமதிக்கின்றன. அந்தப் பையும் முன் இருக்கையின் அடியில் அடங்க வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் இன்னும் இறுக்கம். எமிரேட்ஸ் விமானங்களில் வழிகாட்டி நாய்களைத் தவிர உள்ளே அனுமதிக்கப்படும் ஒரே பிராணி வல்லூறு, அதுவும் துபாய்க்கும் பாகிஸ்தானின் சில நகரங்களுக்கும் இடையில் மட்டும். எந்த நிறுவனம் என்ன சொன்னாலும், பிரித்தானியச் சட்டம் வேறு கதவையும் மூடிவிடுகிறது: விமானத்தில் அங்கே போகும் நாய், உதவி நாயாக இல்லாவிட்டால், சரக்காக மட்டுமே இறங்கலாம். பயணியின் பொதியாகக்கூடப் போக முடியாது. மனநலத் துணைப் பிராணி என்று கடிதம் எடுக்கலாம் என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 2021 ஜனவரியிலிருந்து அங்கேயே விமான நிறுவனங்கள் அதை ஏற்கவேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது.

இனி அந்த அடிப்பகுதி. அங்கே காற்றில்லை, குளிரில் உறைந்துவிடும் என்பது பரவலான பயம். பிராணிகளை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தம் பயணிகள் அறையில் உள்ளதேதான். இரண்டும் ஒரே அழுத்தக் கூட்டுக்குள் இருப்பவை. வெப்பநிலையும் சீராக வைக்கப்படுகிறது. உயிருள்ள பிராணி ஏற்றப்பட்டிருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் அறிவிப்பது நடைமுறை. இருட்டும் இரைச்சலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் படுத்துக் கிடப்பது நாய்க்குப் பெரிய துன்பமில்லை.

இதைச் சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 2002இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில் பீகிள் நாய்களை விமானத்தில் ஏற்றி இதயத் துடிப்பையும் எச்சிலில் உள்ள அழுத்த ஹோர்மோனையும் அளந்தார்கள். பயணம் நாய்களைப் பாதித்தது உண்மை. ஆனால் இதயத் துடிப்பு உச்சத்துக்குப் போனது ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான், பறக்கும்போது அல்ல. இதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதிலும் கவனம் வேண்டும். பீகிள் நடுத்தர உடல்வாகு கொண்ட, கூட்டில் இருந்து பழகிய ஆய்வுகூட நாய். உங்கள் வீட்டு லாப்ரடோர் உங்கள் கட்டிலடியில் படுத்துப் பழகியது. அதன் மனத்தில் அந்தப் பதினொரு மணித்தியாலமும் என்ன ஓடும் என்பதை எந்த மானியும் சொல்லாது. போய்ச் சேர்ந்த நாய்கள் பெரும்பாலும் ஓரிரு நாள் அதிகம் தூங்கி, அதிகம் தண்ணீர் குடித்து, பிறகு பழைய நாய்களாகிவிடுகின்றன என்பதே குடிபெயர்ந்தவர்கள் எனக்குத் திரும்ப எழுதும் செய்தி. இதை அனுபவமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக அல்ல.

பெரிய நாய்களைக் கொல்வது வெப்பம். நாய்க்கு நம்மைப்போல் வியர்வை இல்லை. வாயைத் திறந்து இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபடுகிறது. கட்டுநாயக்கவில் நடுப்பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடுபாதையோரத்துத் தார்த்தரையில் நாயை அடைத்த கூடு காத்துநிற்கும் அரை மணித்தியாலம், 35,000 அடி உயரத்தில் பத்து மணித்தியாலத்தைவிட ஆபத்தானது. ஆகவே இரவிலோ விடியுமுன்னோ புறப்படும் விமானத்தைத் தேடுங்கள். இடைமாற்றம் இல்லாத விமானம் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள். இங்கிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் நேரடியாகப் பறக்கிறது. உங்கள் திகதியில் நாயை ஏற்றுவார்களா என்று அவர்களின் சரக்குப் பிரிவிடம் டிக்கெட் வாங்குமுன் கேளுங்கள். வளைகுடா வழியாகத்தான் போக வேண்டும் என்றால், ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களை முடிந்தவரை தவிருங்கள்.

எந்த நாயை அனுப்பவே கூடாது என்பதும் இதே காரணத்திலிருந்து வருகிறது. 2005 மே முதல் 2010 வரை அமெரிக்க விமானங்களில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட நாய்கள் 122. அவற்றில் ஏறத்தாழப் பாதி புல்டோக், பக் போன்ற தட்டை மூக்கு இனங்கள். மூச்சுப் பாதை பிறப்பிலேயே குறுகிய அந்த நாய்களைப் பல நிறுவனங்கள் இப்போது ஏற்பதே இல்லை. உங்களுடையது நீண்ட மூக்கு, அந்தக் கவலை இல்லை. ஆனால் லாப்ரடோருக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது. வயதாகும்போது இந்த இனத்தில் குரல்வளைத் தசைகள் செயலிழப்பது உண்டு. குரைப்பு கரகரப்பாகும், காலி வீதி முனைவரை நடந்துவிட்டு வந்தாலே இழுத்து இழுத்து மூச்சு வாங்கும், வீட்டார் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நாய் அமைதியாக இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் மூச்சுக்குழல் அடைபட்டு நிமிடங்களில் போய்விடும். ஆறு வயதில் இது அரிது. இருந்தாலும் உங்கள் வைத்தியரிடம் ஓடவைத்துக் கேட்கச் சொல்லுங்கள், படுக்கவைத்துக் கேட்பது போதாது. கூடவே இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பு நாய்களில் அது வெளித்தெரியாமல் குடியிருப்பது சகஜம், இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்த நாயைப் பயணத்துக்கு அனுப்ப நான் கையெழுத்திட மாட்டேன்.

தூக்க மாத்திரை வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் நாட்டில் வழக்கமாகக் கொடுக்கப்படும் அசிபுரோமசின் நாயின் பயத்தைக் குறைப்பதில்லை, அசையும் திறனைத்தான் குறைக்கிறது. இரத்த அழுத்தத்தை இறக்குகிறது, உடல்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறனைக் கெடுக்கிறது. மயக்கத்தில் தலை ஒரு பக்கம் சரிந்து மூச்சுப் பாதை மடங்கினால் நிமிர்த்திவிட அங்கே யாரும் இல்லை. நான் மேலே சொன்ன கனடிய ஆய்வில் பாதி நாய்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தே பார்த்தார்கள். அழுத்தத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. விமானப் போக்குவரத்து விதிகளும் மயக்க மருந்துக்கு எதிரானவை, தள்ளாடிக்கொண்டு வரும் நாயை ஏற்க மறுக்கலாம். கபபென்டின், டிரசடோன் போன்ற புதிய மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். வைத்தியசாலைக்கு வரப் பயப்படும் நாய்களுக்கு அவற்றை நானும் கொடுக்கிறேன். ஆனால் யாரும் பார்க்க முடியாத இடத்தில், அந்த உயரத்தில், அவை எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. உங்கள் நாயை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். பயணங்கள் நின்றுபோவது இங்கேதான். இலங்கையில் நீர்வெறுப்பு நோய் (ரேபிஸ்) நாய்களிடையே இன்னும் உண்டு, பிரித்தானியாவில் இல்லை. நமக்கு எரிச்சல் தரும் அத்தனை விதிகளும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தவை. எழுதிய ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் மைக்ரோசிப்: தோலுக்கடியில் வைக்கும், 15 இலக்கம் கொண்ட, சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட அடையாளச் சிப். அதே நாளிலோ அதற்குப் பிறகோ நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, பிரித்தானியா ஏற்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச் சக்தியாவது இருக்க வேண்டும். பிறகு, இரத்தம் எடுத்த திகதியிலிருந்து முழு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 5இல் சிப்பும் ஊசியும் போட்டால், முந்திப்போனால் பெப்ரவரி 4இல் இரத்தம் எடுக்கலாம், மே 4க்கு முன் நாய் லண்டனில் இறங்க முடியாது. அவசரம், பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, எதுவும் இந்தக் கணக்கைக் குறைக்காது. குறைத்துக்கொண்டு போனால் அங்கே தனிமைப்படுத்தல் நிலையத்தில் உங்கள் செலவில் மாதக்கணக்கில் கிடக்கும்.

நீங்கள் வருடந்தோறும் ஊசி போட்டிருக்கிறீர்கள், சிப் மட்டும் இல்லை என்கிறீர்கள். கொழும்பில் பத்துக்கு எட்டு வீட்டின் கதை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிப்புக்கு முந்திய ஊசிகள் சட்டத்தின் கண்ணில் போடாத ஊசிகள்தாம். எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை. ஆகவே இந்தக் கிழமையே சிப்பைப் போட்டு, அன்றே மறுபடி ஊசியும் போடுங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சட்டம் மறந்த ஊசிகளை உடல் மறப்பதில்லை. பழைய ஊசிகளால் தயாராக இருக்கும் உடல், புது ஊசிக்கு வேகமாகவும் பலமாகவும் பதில் கொடுக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய நாய்களுக்கு இந்தப் பரிசோதனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. தடுப்பூசிக்குப் பிந்திய எதிர்ப்புச் சக்தியை ஆயிரக்கணக்கான நாய்களில் அளந்த ஆய்வுகளில், பெரிய இனங்கள் சிறிய இனங்களைவிட அதிகமாக 0.5 என்ற கோட்டைத் தாண்டத் தவறியிருக்கின்றன. ஏன் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எல்லா அளவு நாய்க்கும் ஒரே மில்லிலீற்றர்தானே போடுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். இனத்துக்கே உரிய இயல்பு என்று வேறு சிலர். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: தவறினால் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி மூன்று மாதம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊசி போடும் ஜெர்மன் ஷெப்பர்ட், றொட்வைலர் போன்றவற்றுக்கு நேரம் இருந்தால் மூன்று நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி போட்ட பிறகே நான் இரத்தம் எடுப்பேன். முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி ஒன்று, ஒன்றரை மாதத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். ஒரே ஊசிதான் போட்டிருந்தால் "சாவகாசமாக எடுக்கலாம்" என்று இரண்டு மூன்று மாதம் தள்ளிவைப்பது தவறு. உங்களுடையதற்கு ஒரு ஊசி போதும் என்று எதிர்பார்க்கிறேன், 30ஆம் நாளைக் கடந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை தேறிவிட்டால், பிந்திய ஊசிகளைத் திகதி தவறாமல் போட்டுவரும்வரை அந்த முடிவு செல்லும்.

மிச்சக் காகிதங்கள் கடைசிக் கிழமைகளுக்கு உரியவை. தனியார் வைத்தியராகிய என் கையெழுத்து போதாது; விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அரச மிருக வைத்தியர் பிரித்தானியச் சுகாதாரச் சான்றிதழை உறுதிப்படுத்த வேண்டும், அது கையெழுத்தான 10 நாளுக்குள் நாய் அங்கே இறங்க வேண்டும். நாடாப்புழுவுக்கு எதிரான பிராசிகுவான்டெல் மருந்தை, இறங்கும் நேரத்துக்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் ஒரு வைத்தியர் கொடுத்து, திகதியோடு நேரத்தையும் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் இந்த நேரக் கணக்குத்தான் முதலில் உடையும், அதனால் 120ஐ ஒட்டிக் கொடுக்காமல் 48க்கும் 72க்கும் இடையில் கொடுத்துவிடுவது என் வழக்கம். நீங்கள் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் நாயும் பயணம் செய்ய வேண்டும். தாண்டினால் வியாபார இறக்குமதி என்று வேறு விதிக்குள் போய்விடும். குடிபெயர்பவர்கள் வரிவிலக்குக்கான விண்ணப்பத்தைப் பிரித்தானிய வருமானத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, அதில் நாயையும் சேர்த்துவிட வேண்டும். இதை மறந்து, நாய்க்குப் பெறுமதி போட்டு வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதே கேள்வியோடு வேறு நாட்டுக்குப் போகும் வாசகர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரொறன்ரோவுக்குப் போகிறவர்களுக்கு விதி இதைவிட இலகு: இலங்கை கனடாவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தாலும், 2022 செப்டெம்பரில் வந்த தடை விற்பனைக்கும் தத்தெடுப்புக்கும் போகும் நாய்களுக்குத்தான், சொந்த நாயோடு போகிறவருக்கு அல்ல. அமெரிக்கா 2024 ஓகஸ்டில் விதிகளை மாற்றி ஆறு மாத வயது, சிப், இரத்தப் பரிசோதனை என்று இறுக்கிவிட்டது. அவுஸ்திரேலியா நம் நாட்டிலிருந்து நேரடியாக நாயை ஏற்பதே இல்லை; ஏற்கப்பட்ட ஒரு நாட்டில் ஆறு மாதம் வைத்திருந்துதான் கொண்டுபோகலாம், பிறகும் மெல்பேர்ணுக்கு அருகே மிக்கில்ஹாமில் தனிமைப்படுத்தல் உண்டு. அங்கே போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நாயின் வயதைத்தான். பிரித்தானியாவுக்குப் பெரிய கலப்பின நாயைக் கொண்டுபோகிறவர்கள், அங்கே தடைசெய்யப்பட்ட இனங்களின் சாயல் அதில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிட்புல் முதல் 2023இன் இறுதியில் சேர்க்கப்பட்ட எக்ஸ்எல் புல்லி வரை, அங்கே பார்ப்பது பரம்பரைச் சான்றிதழை அல்ல, தோற்றத்தையும் அளவையும்.

கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நாய் விஷயத்தில் பணமும் உயிரும் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. நாயைச் சுவரோரமாக இயல்பாக நிற்கவிடுங்கள். ஒருவர் பிஸ்கட்டைக் காட்டித் தலையை நிமிர்த்தி வைத்திருக்கட்டும், மற்றவர் அளக்கட்டும். லாப்ரடோர் என்பதால் வாலாட்டிக்கொண்டேதான் இருக்கும், வாலை அளக்கத் தேவையில்லை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு அளவு. நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கைவரை ஒன்று. தோள் அகலம் ஒன்று. நிலத்திலிருந்து தலையுச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரை ஒன்று. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி, கூட்டின் உள்நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டியது. உள்ளகலம் தோளகலத்தின் இருமடங்கு. உயரம் கடைசி அளவு, அதோடு விரிப்பின் தடிப்பு. நாய் காது கூரையில் முட்டாமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். தட்டை மூக்கு நாய்களுக்கு இதன்மேல் இன்னும் 10 சதவீதம்.

36 கிலோ லாப்ரடோர் ஒன்றுக்கு வெளியளவு ஏறக்குறைய 115 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 80 உயரம் என்று வரும். சரக்குக் கட்டணத்தில் இந்த மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். விடை 92. நாயும் கூடும் சேர்ந்து 56 கிலோதான் நிறுத்தாலும் நீங்கள் கட்டப்போவது 92 கிலோவுக்கு. "என் நாயின் எடைக்கு எவ்வளவு?" என்று முகவரைக் கேட்டு, பிறகு அதிர்ச்சியடைபவர்கள் இதனால்தான் அதிர்ச்சியடைகிறார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கச் சின்னக் கூடு வாங்கினால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள், அது நியாயமும்கூட. கிரேட் டேன் போன்ற உயரமான நாய் வைத்திருப்பவர்கள் விமானத்தின் வகையையும் கேட்க வேண்டும். போயிங் 737இன் சரக்குக் கதவு 90 சென்ரிமீற்றர் உயரம்கூட இல்லை.

பிளாஸ்ரிக் கூடு வாங்கினால் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கும் பிளாஸ்ரிக் கொளுக்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாத் துளைகளிலும் உலோக நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்குங்கள். சில்லுகள் இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். கதவு உலோகக் கம்பியாக இருக்க வேண்டும், நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டும், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த அளவில் கூடு கிடைக்காமல் தச்சரிடம் செய்விப்பதானால் பிளைவூட்டில் செய்யச் சொல்லுங்கள். பச்சைப் பலகைச் சட்டங்களில் செய்தால், பூச்சிக்கு எதிராக வெப்பமூட்டியதற்கான முத்திரையைச் சுங்கத்தில் கேட்பார்கள். பிளைவூட்டுக்கு அந்த விதி இல்லை. உட்பக்கம் ஆணி முனையோ சிலாம்போ தட்டுப்படுகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

கூடு இந்த மாதமே வீட்டுக்கு வரட்டும். கதவைக் கழற்றி வரவேற்பறையில் வையுங்கள், சாப்பாட்டை உள்ளே வையுங்கள், நாயை நீங்கள் தள்ளவே கூடாது. அது தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவைப் பூட்டுங்கள், முதலில் சில நிமிடம், பிறகு ஓர் இரவு முழுவதும். பிறகு கூட்டோடு வாகனத்தில் ஏற்றி நீர்கொழும்பு வரை போய் வாருங்கள். மேலே சொன்ன எந்த மருந்தையும்விட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். இரண்டு மாதம் கூட்டில் தூங்கிய நாய்க்கு விமானத்தில் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது.

பயண நாளில் கடைசிச் சாப்பாடு புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்கள் முன்பு, கொஞ்சமாக. ஆழமான நெஞ்சுக்கூடு கொண்ட பெரிய நாய்களுக்கு வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பதறினால் இரைப்பை ஊதித் திருகிக்கொள்ளும் அபாயம் உண்டு, அதற்கு ஆகாயத்தில் வைத்தியம் இல்லை. தண்ணீரைத் தடுக்காதீர்கள். கூட்டின் பாத்திரத்தில் முந்தைய இரவே தண்ணீரை உறையவைத்துக் கொண்டுபோனால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகிக்கொண்டிருக்கும். பேலியகொடையில் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறுமுன் ஒரு நல்ல நடை நடத்திவிடுங்கள். சரக்கு முனையத்தில் நாயை வெளியே எடுத்துவிட்டு வெறுங்கூட்டைச் சோதிப்பது வழக்கம். நாய் தப்பி ஓடுவதற்கு மிக வாய்ப்பான நேரம் அதுதான், கழுத்துப்பட்டியோடு மார்புப்பட்டியும் போட்டு, வாரை வீட்டில் பலம் கூடியவர் கையில் கொடுங்கள். சோதனை முடிந்து கதவைப் பூட்டிய பிறகு மூலைகளை நைலோன் பட்டிகளால் கட்டலாம். கூட்டுக்குள் உங்கள் பழைய துணி ஒன்று, துவைக்காதது, இருக்கட்டும்.

ஹீத்ரோவில் நாய் விமானத்திலிருந்து நேரே அங்கே உள்ள பிராணிகள் வரவேற்பு நிலையத்துக்குப் போகும். லண்டன் மாநகர நிர்வாகம் நடத்துவது. சிப்பை வாசித்து, காகிதங்களோடு ஒப்பிட்டு, சுங்கம் விடுவிக்கப் பல மணித்தியாலம் ஆகலாம். நீங்கள் இறங்கியதும் வாசலில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பிள்ளைகளை யாராவது உறவினரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒருவர் மட்டும் காத்திருப்பது நல்லது.

அம்மம்மா விஷயத்தில் முடிவு உங்களுடையது. என்னைக் கேட்டால், பதினொரு வயது நாய், இதய நோய் உள்ள நாய், தட்டை மூக்கு நாய் என்றால் தெரிந்த கைகளில் விட்டுவிட்டுப் போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதுவும் கடைசிக் கிழமையில் கொண்டுபோய் இறக்காமல், இரண்டு மூன்று மாதம் முன்பே போகவர விட்டுப் பழக்க வேண்டும். உங்கள் நாய் ஆறு வயது. அம்மம்மா 36 கிலோ நாயைப் பிடித்து நடத்தக்கூடியவரா என்று நீங்கள் எழுதவில்லை; அதையும் நினைத்துப் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் உள்ள கடைசி மூன்று திகதிகளையும், நான் மேலே சொன்ன நான்கு அளவுகளையும் இங்கே எழுதுங்கள். எந்த நாளில் இரத்தம் எடுப்பது, எந்த நாளுக்கு முன் டிக்கெட் வாங்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.